பச்சை அணைந்த பாட்டில்

“குற்றவாளி யாருன்னு நானே கண்டுபிடிச்சிட்டேன். நீங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதிக் கொடுத்தா போதும்” என்றார் முதலாளி.

அண்ணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தாள்.

“அப்போ எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க சார்? கையெழுத்து அழகா இருக்கும்னு யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டான் பக்கத்து நாற்காலியில் இருந்த வால்.

அண்ணியின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதிலிருந்த பெயரைத்தான் யாரும் பயன்படுத்தியதில்லை. வால் அவள் கணவனின் தம்பி. அவன் எல்லார் முன்னாலும் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வாடிக்கையாளர்கள், காவல்துறை அதிகாரிகள், அவள் பிடித்துக் கொடுத்த மோசடிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அதற்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எது தானாகப் பிடித்த தீ, எது வைத்த தீ என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவள். வாலுக்கு அந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் சேட்டைக்காகக் கிடைத்தது. பிறகு ஆட்களின் பின்னால் போகிற உத்தியோகத்துக்கும் அது பொருந்திவிட்டதால் அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

“யாரு குற்றவாளி?” என்றாள் அண்ணி.

“என் மருமகள்.”

“என்ன குற்றம்?”

முதலாளி எழுந்து தன் அறையின் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். மேசை மேல் இரண்டு சின்னக் கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. இரண்டிலும் தண்ணீர் மாதிரி ஏதோ. பேனா அளவிலான ஒரு புற ஊதா (யு.வி.) டார்ச்சை எடுத்து முதல் பாட்டிலில் அடித்தார். பாட்டில் முழுவதும் பச்சையாக எரிந்தது. தளிர் இலைக்குப் பின்னால் வெயில் நிற்கிற மாதிரி ஒரு பச்சை. வால் தன்னை மறந்து, “அடேயப்பா!” என்றான்.

இரண்டாவது பாட்டிலில் அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“குவாண்டம் புள்ளிங்க” என்றார் முதலாளி. “கண்ணுக்கே தெரியாத துகள். தண்ணியில மிதக்கும். வெளிச்சத்தைக் குடிச்சிட்டு வேற நிறத்துல துப்பும். இதுல விஷயம் என்னன்னா, பொருள் ஒண்ணுதான். துகள் சின்னதா இருந்தா நீலம். கொஞ்சம் பெருசானா பச்சை. இன்னும் பெருசானா சிவப்பு.”

“எங்க குடும்பத்துலயும் அப்படித்தான் சார். எடை ஏற ஏற முகம் சிவந்துக்கிட்டே போகும்” என்றான் வால்.

முதலாளி சிரிக்கவில்லை. மேல் மாடியில் தொலைக்காட்சித் திரைகளுக்கான சிவப்பும் பச்சையும் தயாராகின்றன என்றார். கீழே தயாராவது தண்ணீர் சோதிக்கும் பெட்டி. தண்ணீரில் இந்தப் பச்சையை நாலு சொட்டு விட்டு டார்ச் அடித்தால், நல்ல தண்ணீராக இருந்தால் ஒளிரும். ஈயம் கலந்திருந்தால் அணைந்துவிடும். பெரிய கொள்முதல் குழு ஒன்று இன்று பிற்பகல் பார்க்க வருகிறது. இந்த நேரம் பார்த்து, நிரப்பி வைத்த பாட்டில்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

“அதுவும் எது? என் மருமகள் நிரப்பின பாட்டில் மட்டும்! குளிர்பெட்டியில மேல் தட்டு அவளோடது. அத்தனையும் இருட்டு. கீழ்த் தட்டு என் மச்சான் நிரப்பினது. அத்தனையும் பளபளன்னு இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“அவங்க ஏன் இப்படிப் பண்ணணும்?”

“போட்டிக் கம்பெனிக்காரன் கூப்பிட்டிருக்கான். போறேன்னு நின்னா. வீட்டுல பேச்சு முத்திடுச்சு. வேதியியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவ, இதை அணைக்க அவளுக்கு ஆயிரம் வழி தெரியும். அமிலம், சூடு, ஏதாவது ஒரு உப்பு. நேத்து கேட்டுக்கு வெளியே நிறுத்திட்டேன். அன்னிக்கே வீட்டை விட்டும் போயிட்டா.”

“உங்க பையன் என்ன சொன்னார்?”

“அவன் எப்போ என்ன சொல்லியிருக்கான்?” என்றார் முதலாளி. அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்கள். வருகிறவர்களுக்காகக் கட்டடத்தில் எல்லாமே புதுப்பிக்கப்பட்டிருந்தது. தரைவிரிப்பு, பூத்தொட்டி, கதவுக் கைப்பிடி, குழாய்கள், முதலாளியின் மீசை நிறம் உட்பட. வழியில் கணக்குப் பிரிவில், நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் மகள். அப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்து, “இவங்கதானா அவளைக் குற்றவாளின்னு எழுதிக் கொடுக்கப் போறவங்க?” என்று கேட்டாள்.

“நீ ஓய்வெடும்மா” என்று முதலாளி நடையை விரைவுபடுத்தினார்.

குளிர்பெட்டியின் முன்னால் மச்சான் நின்றிருந்தார். முதலாளியின் மனைவியுடைய தம்பி. முதலாளி மச்சான் என்று கூப்பிடுவதால் தொழிலாளர்களுக்கு அவர் ‘மச்சான் சார்’. கம்பெனிக்கு எது வாங்குவதானாலும் அவர் மூலம்தான் வாங்க வேண்டும். அவர் முகத்தில் அன்று ஒரு வெற்றிக்களை இருந்தது.

“பொறி வெச்சிருக்கேன்மா” என்றார் அண்ணியிடம். “நேத்து அவளை வெளியே அனுப்பினோம். இன்னிக்கு விடிஞ்சதும் முதல் ஆளா நானே வந்து, நானே ஒரு பாட்டில் நிரப்பினேன். மூடியைச் சுத்தி மேல் மாடி சிவப்புப் புள்ளியைத் தடவி வெச்சேன். பார்த்தா தெரியாது. டார்ச் அடிச்சாத்தான் தெரியும். தொட்டவன் விரல்ல ஒட்டிக்கும். பயப்படாதீங்க, இது விஷமில்லாத ரகம்.”

“பாட்டில் எப்படி இருக்கு?”

“செத்துடுச்சு!” என்றார் மச்சான், லாட்டரி விழுந்தவர் குரலில். “பூட்டியிருந்த அறைக்குள்ளே வந்து வேலையைக் காட்டியிருக்கா பாருங்க. கள்ளச்சாவி!”

“சரி, விளக்கை அணைங்க” என்றாள் அண்ணி.

இருட்டில் டார்ச் எரிந்தது. முதலில் மச்சானின் கைகள். இரண்டு உள்ளங்கைகளும் மருதாணி போட்ட மாதிரி சிவந்து ஒளிர்ந்தன. “தடவினது நான்தானே” என்றார். அடுத்து முதலாளி. வலது கையில் ஒரு சிவப்பு, மீசையின் ஓரத்தில் ஒரு சிவப்பு. “காலையில கை குலுக்கினோம்” என்றார் அவர். வாசலில் எட்டிப் பார்த்த இரண்டு தொழிலாளர்களின் தோள்களில் மச்சான் தட்டிக்கொடுத்த அடையாளம் ஐந்து விரலும் தெளிவாக இருந்தது. சுவிட்சில் சிவப்பு. கதவில் சிவப்பு. பிஸ்கட் டப்பாவில் சிவப்பு.

வால் தன் கையைத் தானே பார்த்தான். அதிலும் ஒரு தீற்றல். “அண்ணி, நான் சரணடைஞ்சிடறேன். வந்ததும் இவருக்குத்தான் வணக்கம் சொல்லிக் கை கொடுத்தேன்.”

“இப்படி ஒரு பொறியை நான் பார்த்ததே இல்லை” என்றாள் அண்ணி. “கட்டடத்துல இருக்கிற அத்தனை பேரும் குற்றவாளி, குற்றம் சாட்டப்பட்டவங்களைத் தவிர.”

“அதான் சொல்றேன்! அவ கையுறை போட்டிருப்பா” என்றார் மச்சான்.

அண்ணி செத்துப்போன பாட்டிலைத் துணியால் பிடித்து எடுத்து, மூடியை டார்ச் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினாள். மூடிக்கும் கழுத்துக்கும் குறுக்கே சிவப்பு, ஒரே இழுப்பில் பூசியது பூசியபடி இருந்தது. எங்கும் கீறலில்லை, உடையவில்லை. மூடியைத் திருகியிருந்தால் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும்.

“வால், என்ன தெரியுது?”

“கையுறையோ வெறுங்கையோ, யாரும் திறக்கலை.”

“திறக்காத பாட்டிலுக்குள்ளே யார் போய் அணைச்சது?”

“ஆவி?”

“தீ விபத்து கேசுல எனக்கு ஒரு பழக்கம். பூட்டின வீட்டுக்குள்ளே தீன்னு சொன்னா, வெளியே இருந்து யார் வந்தாங்கன்னு தேட மாட்டேன். பூட்டும்போதே உள்ளே என்ன இருந்ததுன்னு கேட்பேன்.” மச்சானிடம் திரும்பினாள். “நிரப்பினதும் டார்ச் அடிச்சுப் பார்த்தீங்களா?”

“அது வழக்கமில்லைம்மா. குளிர்ந்தப்புறம்தான் பார்ப்போம். அப்போதான் ஒளி நிலையா நிக்கும்.”

“நீங்க எப்பவும் விடிஞ்சதும் வர்றவரா?”

மச்சான் தொண்டையைச் செருமினார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

மருமகள் பெண்கள் விடுதி ஒன்றின் மூன்றாவது மாடியில் இருந்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பிரிக்காத இரண்டு பெட்டிகள். அழுத கண்ணில்லை. ஆனால் பேசும்போது பெட்டியின் பட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“நான் பண்ணலை. யார் பண்ணாங்கன்னும் தெரியாது. வர்ற குழுவுக்காக இந்த வாரம்தான் நிரப்ப ஆரம்பிச்சோம். முதல் நாள் செத்தப்போ என் தப்புன்னு நினைச்சேன். மறுநாளும் போச்சு. மூணாவது நாள் காரணத்தைத் தேடலாம்னு போனா கேட்டுல என் பேரைச் சொல்லி உள்ளே விடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. காவலாளி என் முகத்தைப் பார்க்காம தரையைப் பார்த்துட்டே சொன்னார்.”

“உங்க வீட்டுக்காரர்?” என்றான் வால்.

“பக்கத்துலதான் நின்னார். அவரும் தரையைத்தான் பார்த்தார்.”



“வேற கம்பெனிக்குப் போறேன்னு சொன்னது?” என்று அண்ணி கேட்டாள்.

“நிஜம்தான். மூணு வருஷமா அந்தப் பச்சையை உருவாக்கினது நான். வர்றவங்ககிட்ட என்னை ‘வீட்டுப் பொண்ணு, சும்மா கூடமாட ஒத்தாசை’ன்னுதான் அறிமுகப்படுத்துவார் மாமா. போகணும்னு நினைச்சேன். ஆனா அதுக்காக அதைக் கொல்லுவேனா?”

“பாட்டில் நிரப்பற தண்ணி?”

“சுத்திகரிக்கிற மெஷின்லேர்ந்து. வடிகட்டிகூட போன மாசம்தான் புதுசா மாத்தினாங்க. பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது.”

“நீங்க எப்போ நிரப்புவீங்க?”

“விடிகாலையில. யாரும் இல்லாத நேரம்தான் எனக்கு வேலை ஓடும். மச்சான் சார் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். சாப்பிட்டுட்டு, தூக்கம் வராம இருக்க நிரப்புவார்.”

“காலையில நீங்க மட்டும்தான் இருப்பீங்களா?”

“நானும் அக்காவும். என் நாத்தனார். எனக்குத் துணையா அவங்களும் சீக்கிரம் வந்துடுவாங்க. வந்ததும் வெந்நீர் வெச்சு ஒரு செம்பு குடிப்பாங்க, பாட்டில்லயும் நிரப்பிப்பாங்க. இப்போ கொஞ்ச நாளா வயித்து வலி, தலைவலின்னு சொல்லிட்டே இருந்தாங்க. எப்படி இருக்காங்க?”

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி?” என்றான் வால்.

“வண்டியை எடு. பேசாம எடு.”

பேசாமல் ஓட்டுவது வாலுக்குத் தெரியாத கலை. முதல் சிக்னலிலேயே, “ஒரே ஒரு கேள்வி” என்றான். “மருமகள் கைபட்டா சாகுது, மச்சான் கைபட்டா பொழைக்குது. இன்னிக்கு மட்டும் மச்சான் கைபட்டும் செத்திருக்கு. ஏன்?”

“இன்னிக்கு அவர் என்ன புதுசாப் பண்ணார்?”

“பொறி வெச்சார்.”

“அதுக்கு முன்னாடி?”

வால் யோசித்தான். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். “நேரத்தோட வேலைக்கு வந்தார்!”

“அதேதான். இந்தக் கம்பெனியில சீக்கிரம் வர்றவங்க பாட்டில் சாகுது. சோம்பேறித்தனமா வர்றவர் பாட்டில் பொழைக்குது. நாம ஆளையே பார்த்துட்டு இருந்தோம். பார்க்க வேண்டியது நேரத்தை.”

“எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கேஸ் அண்ணி. தாமதமா வந்ததுக்காக ஒருத்தருக்கு நல்ல பேர் கிடைச்சது இப்போதான் பார்க்கறேன்.”

கம்பெனிக்குள் நுழைந்ததும் அண்ணி நேராகச் சுத்திகரிப்பு மெஷினிடம் போனாள். முகப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வால் வடிகட்டிக் குழாயைத் திருகிக் கழற்றினான். வெளியே பெரிய கம்பெனியின் முத்திரை, தடித்த எழுத்தில் உத்தரவாதம். உள்ளே ஒரு கம்பியை விட்டுக் குடைந்தபோது வெள்ளையாக ஏதோ வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

“தலையணைப் பஞ்சு” என்றான் வால். “தண்ணி நல்லாத் தூங்கிட்டுப் போகட்டும்னு வெச்சிருக்காங்க.”

மச்சான், “கடைக்காரன் ஏமாத்திட்டான். பார்க்க அசல் மாதிரியே இருந்தது, விலையும் சகாயமா இருந்தது” என்றார். “விளக்கு எரியுதே!”

“மின்சாரம் இருந்தா அது எரியும் சார். அது சத்தியம் பண்ற விளக்கு இல்லை” என்றான் வால்.

“சரி, வடிகட்டி பொய்” என்றார் முதலாளி. “அதனால என்ன? குழாய்த் தண்ணிதானே வந்திருக்கும்? குழாய்த் தண்ணியில மத்தியானம் பொழைக்குதே!”

“அதைத்தான் பார்க்கப் போறோம். இந்தக் கட்டடத்துல இன்னிக்கு யாருமே திறக்காத குழாய் ஏதாவது இருக்கா?” என்றாள் அண்ணி.

இருந்தது. விருந்தினர் கழிவறை. கொள்முதல் குழுவுக்காகவே கட்டி, அவர்கள் வந்தால்தான் திறப்பது என்று பூட்டி வைத்திருந்தார்கள். மச்சான் பெருமையோடு கதவைத் திறந்தார். கண்ணாடியைச் சுற்றி விளக்குகள், அதன் கீழே தங்கம் போல மின்னும் ஒரு குழாய்.

“கட்டடம் பூரா இதே ரகம்தான் மாத்தினேன். பித்தளை. கை வெச்சா வழுக்கிட்டுப் போகும்” என்றார்.

அண்ணி ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பிடித்துக் குழாயைத் திறந்தாள். கோப்பை நிறைந்ததும் மூடவில்லை. தண்ணீர் ஓடட்டும் என்று விட்டாள். பொறுத்திருந்து இன்னொரு கோப்பையில் பிடித்தாள். இரண்டிலும் முதலாளியின் பச்சை நாலு சொட்டு. வால் விளக்கை அணைத்தான்.

இரண்டாவது கோப்பை பச்சையாக எரிந்தது. முதல் கோப்பை எரியவில்லை. சுவரின் ஓரத்தில் அது வெறும் இருட்டாக நின்றது.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“மட்டமான பித்தளையில ஈயம் கலந்திருப்பாங்க” என்றாள் அண்ணி. “ராத்திரி பூரா தண்ணி குழாய்க்குள்ளேயே நிக்குது. ஈயம் ஊறுது. காலையில முதல்ல திறக்கறவங்களுக்கு அந்தத் தண்ணி. பத்துப் பேர் திறந்து மூடினப்புறம் எல்லாம் ஓடிப்போயிடும். மத்தியானம் வர்றவருக்குச் சுத்தமான தண்ணி. உங்க மருமகள் எதையும் கலக்கலை. உங்க பாட்டில்கள் சாகவும் இல்லை. ‘ஈயம் இருக்கு, ஈயம் இருக்கு’ன்னு தினமும் காலையில உங்ககிட்ட சொல்லிட்டு இருந்தது. அதுக்காகத்தானே அதை விக்கறீங்க?”

“சார், ஈயத்தைக் கண்டுபிடிக்கிற கம்பெனி நடத்தறீங்க” என்றான் வால். “அது கண்டுபிடிச்சதும் கண்டுபிடிச்சவங்களைப் பிடிச்சு வெளியே தள்ளியிருக்கீங்க.”

முதலாளி கழிவறைச் சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் ஒரு வயதான மனிதராகத் தெரிந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் முதலாளி ஆனார்.

“அவங்க வர்ற நேரமாச்சு. மத்தியானத் தண்ணி நல்லாத்தானே இருக்கு? கீழ்த் தட்டு பாட்டில்களை எடுத்து வைங்க. இந்த அறையைப் பூட்டுங்க. குழாயெல்லாம் நாளைக்கு மாத்திக்கலாம். வெளியே ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“அப்பா.”

கதவருகே மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்.

“காலையில முதல்ல குழாயைத் திறக்கறது நான்தான்” என்றாள். “வெந்நீர் வெச்சா போயிடுமா அது?”

அண்ணி தலையை அசைத்தாள். “போகாதும்மா. தண்ணிதான் ஆவியாகும். ஈயம் அப்படியே இருக்கும். நீங்க இப்பவே மருத்துவமனைக்குக் கிளம்புங்க. இவன் வண்டியில கூட்டிட்டுப் போவான்.”

“இரு, இரு” என்றார் முதலாளி. அவர் குரல் கெஞ்சியது. “அவங்க கேட்டுக்கு வந்துட்டாங்க. சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு மணி நேரம்தான்மா. இதை நம்பித்தான் எல்லாத்தையும் வெச்சிருக்கேன். உனக்காகத்தானே எல்லாம்?”

மகள் அவரைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று வால் எதிர்பார்த்தான். அவள், “சரிப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

கூட்ட அறையில் கொள்முதல் குழுவின் தலைவி நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். நரைத்த கிராப்பு, சிரிப்புக்கு வேலையில்லாத முகம். இந்த வாரம் முழுக்க இதே மாதிரிப் பெட்டிகளைப் பார்த்துச் சலித்தவள் என்பது அவள் கொட்டாவியை அடக்கிய விதத்திலேயே தெரிந்தது.

முதலாளி இரண்டு கோப்பைகளை வைத்தார். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் ஈயம் கலந்த தண்ணீர். சொட்டு விட்டார், டார்ச் அடித்தார். ஒன்று எரிந்தது, ஒன்று அணைந்தது. மச்சான் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

“நல்லா இருக்கு” என்றாள் தலைவி, நல்லா இல்லை என்கிற குரலில். “மத்த கம்பெனிக்காரங்களும் இதேதான் காட்டினாங்க.”

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து மகள் எழுந்தாள். எழுவதற்கு மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது ஒரு கோப்பையை முன்னால் இழுத்து வைத்து, தன் எவர்சில்வர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

“வேண்டாம்மா” என்றார் முதலாளி, உதடு அசையாமல்.

அவள் பச்சையைத் தானே நாலு சொட்டு விட்டாள். டார்ச்சைத் தானே அடித்தாள்.

இருட்டு.

“இது எந்தத் தண்ணி?” என்று கேட்டாள் தலைவி.

“நான் குடிக்கிற தண்ணி. இந்த ஆபீஸ் குழாய்ல இன்னிக்குக் காலையில பிடிச்சது. போன மாசம் புதுக் குழாய் மாத்தினதுலேர்ந்து இதைத்தான் குடிக்கறேன்.” அவள் கை வயிற்றின் மேல் போனது. “எங்களுக்கே தெரியாது. இது சொல்லித்தான் தெரிஞ்சுது. இதை உருவாக்கினது எங்க வீட்டு மருமகள். இது சொன்னதை நம்பாம அவளை வெளியே அனுப்பிட்டோம்.”

மச்சான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவி எழுந்து வந்து அந்தக் கோப்பையைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் பையிலிருந்த வேறொரு சோதனைப் பட்டையை எடுத்து அதில் நனைத்து, அதையும் பார்த்தாள். சலிப்பு அவள் முகத்திலிருந்து போயிருந்தது.

“எல்லாரும் அவங்களே கலந்து வெச்ச ஈயத்தைத்தான் எனக்குக் கண்டுபிடிச்சுக் காட்டினாங்க” என்றாள். “யாருக்கும் தெரியாம இருந்த ஈயத்தைக் காட்டினது இது ஒண்ணுதான். எங்களுக்கு இந்தப் பெட்டிதான் வேணும். ஆனா ஒப்பந்தம் பேச உங்க மருமகளை வரச் சொல்லுங்க. உங்ககூடப் பேச எனக்கு இப்போ மனசில்லை.” பிறகு மகளிடம், “நீ ஏம்மா இன்னும் இங்கே நிக்கறே? என் கார் வெளியே இருக்கு, வா” என்று தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனாள்.

கம்பெனியின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய வியாபாரம் முடிந்த அறையில், அதைக் கொண்டாட யாரும் இல்லை.

வால் மெதுவாகக் கேட்டான். “சார், நாங்க எழுதிக் கொடுக்கணும்னு சொன்னீங்களே. குற்றவாளின்னு யார் பேர் போடட்டும்?”

முதலாளி தன் செருப்பைத் தேடினார். அது காலில்தான் இருந்தது.

மருத்துவமனையில், மருமகள் முதலாளிக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். அண்ணி தொலைபேசியில் ஒரு வரிதான் சொல்லியிருந்தாள். விடுதியிலிருந்து எந்த வண்டியில் வந்தாளோ, நாத்தனாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இரத்தச் சோதனை முடிவோடு வந்தார். ஈயம் இருக்கிறது. இருக்கக் கூடாத அளவுதான், ஆனால் பயந்து நடுங்குகிற அளவு இல்லை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்த வேண்டும், கொஞ்ச நாள் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். “இன்னும் கொஞ்ச நாள் குடிச்சிருந்தா நான் வேற மாதிரிப் பேசியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மகள் அப்போதுதான் அழுதாள். மருமகள் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

முதலாளி வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மகன். வழக்கம்போலத் தரையைப் பார்த்தபடி.

“அம்மாடி” என்றார் முதலாளி. “கொள்முதல் அம்மா உன்னோடதான் பேசுவேங்கிறாங்க. நான் உன்னை… நான் நினைச்சது…” வாக்கியம் எந்தப் பக்கமும் போகவில்லை. “நாளைக்கு வர்றியாம்மா?”

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். முதல் முறையாக, அவள் கணவனும்.

“வரேன் மாமா” என்றாள் மருமகள். “அங்கே இருக்கிற அத்தனை குழாயையும் கழட்டணும், அதுக்காகவே வரேன். ஒப்பந்தத்துல என் பேரும் இருக்கணும், அதுக்கும் வரேன்.” நாத்தனாரின் கூந்தலை ஒதுக்கிவிட்டாள். “ஆனா வேலைக்குத்தான் வரேன். வீட்டுக்கு வரேனான்னு இன்னும் முடிவு பண்ணலை.”

மகன் அப்பாவைத் தாண்டி உள்ளே வந்தான்.

அண்ணி வாலின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொள்ளும் நேரத்தில், உள்ளேயிருந்து அந்த இளைஞனின் குரல் கேட்டது. தயங்கி, உடைந்து, ஆனால் கேட்கிற அளவுக்கு.

“நேத்து கேட்டுல நான் பேசியிருக்கணும்.”

“உட்காருங்க” என்றாள் மருமகள். “இப்போ பேசுங்க.”